‘நீர்’ என்ற சொல்லில் தொடங்கி ஒரு தெருவின் தொட்டி வரை: ஒரு வாதக் கட்டுரை உருவான விதம்

பின்னணி

சென்னைக்குத் தெற்கே ஒரு நகராட்சிப் பகுதியில் இருக்கும் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி அது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் மாவட்ட அளவிலான கட்டுரைப் போட்டிக்குத் தேர்வானார். சுற்றறிக்கை பொருளாகக் கொடுத்திருந்தது ஒரே சொல்: ‘நீர்’. தலைப்பைப் போட்டியாளரே வைத்துக்கொள்ளலாம். கட்டுரை, படிப்பவரை ஏதாவதொரு கருத்துக்கு இணங்க வைக்க வேண்டும். 800 சொற்களைத் தாண்டக் கூடாது. வீட்டிலிருந்தே எழுதி அனுப்பலாம். 21 நாள் அவகாசம்.

மாணவி கட்டுரைக்குப் புதியவர் அல்லர். குறிப்புச் சட்டகம் கொடுத்துவிட்டால் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று அரை மணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்குபவர். சிக்கலும் அங்கேதான் இருந்தது. குறிப்புச் சட்டகம் என்பது வேறொருவர் வைத்துக்கொடுத்த கோலப் புள்ளி. எழுதுபவர் இழையை மட்டும் இழுத்தால் போதும். இந்தப் போட்டியில் புள்ளியையும் அவரே வைக்க வேண்டியிருந்தது.

வழிகாட்டியது பள்ளியின் தமிழாசிரியை. கணக்கு ஆசிரியர் ஒருவரும் ஓரிடத்தில் உதவினார். இனி வருவது அந்த மூன்று வாரங்களின் பதிவு. வாதக் கட்டுரைக்குத் தலைப்பும் நிலைப்பாடும் தேடும் மாணவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் இடங்களில் மட்டும் விரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

முதல் வரைவில் கண்டது

இரண்டாம் நாளே முதல் வரைவு வந்துவிட்டது. ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்கியது. புவிப்பரப்பில் முக்கால் பங்கு நீர் என்றது. கரிகாலனையும் கல்லணையையும் தொட்டது. அங்கிருந்து நெகிழிக்குத் தாவி, பருவநிலை மாற்றத்தில் இறங்கி, ‘நீரைக் காப்போம், நாளையைக் காப்போம்’ என்று முடிந்தது. பிழையற்ற தமிழ், அழகான கையெழுத்து.

நன்னூல் பத்துக் குற்றம் சொல்கிறது. இந்த வரைவில் அவற்றில் இரண்டு பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, மற்றொன்று விரித்தல்: நீர் என்று எடுத்துக்கொண்டு நெகிழிக்குப் போனது. மற்றது, சென்று தேய்ந்து இறுதல்: தொடக்கத்தில் இருந்த வேகம் கடைசிப் பத்தியில் ஒரு முழக்கமாக மெலிந்துபோனது. ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் வேறொரு குறை இருந்தது. அதைச் சுட்டிக்காட்ட ஆசிரியை ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதைப் படிச்சிட்டு, ‘இல்ல, நான் இதை ஒத்துக்க மாட்டேன்’னு யாராவது சொல்வாங்களாம்மா?”

“யாரும் சொல்ல மாட்டாங்க மிஸ்.”

“அப்ப யாரை இணங்க வைக்கப் போற?”

தலைப்பு, நிலைப்பாடு என்ற இரண்டையும் மாணவர்கள் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ‘மழைநீர் சேகரிப்பு’ என்பது தலைப்பு; அதில் வினை இல்லை, யாரும் மறுக்கவும் வழியில்லை. ‘மழைநீர் சேகரிப்பு அவசியம்’ என்று வினையைச் சேர்த்தாலும் மறுக்க ஆள் கிடையாது. மறுக்க ஆள் இருக்கும் வாக்கியம் ஒன்று கையில் வரும்வரை இரண்டாம் வரைவு எழுத வேண்டாம் என்று முடிவாயிற்று. 21 நாளில் எழுதுவதற்குக் கடைசி ஐந்து நாள் போதும், மீதி நாளெல்லாம் தேடுவதற்கு. இந்த ஏற்பாட்டை மாணவி முதலில் விரும்பவில்லை. வகுப்பில் மற்ற போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள் மூன்றாம் வரைவில் இருந்தார்கள்.

தலைப்பைச் சலித்தெடுத்தது

நீர் என்றதும் தோன்றுவதையெல்லாம் எழுதச் சொன்னதில் ஒன்பது தலைப்பு சேர்ந்தது. அவற்றை மூன்று கேள்விகளால் சலித்தார்கள். நியாயமான ஒருவர் இதில் ‘இல்லை’ என்று சொல்ல இடமிருக்கிறதா? சொன்னால் செய்யக்கூடிய நிலையில் யாராவது இருக்கிறார்களா? இரண்டு வாரத்தில், நடந்தோ பஸ்ஸிலோ போய்ப் பார்த்து எண்ணிவரக்கூடியது ஏதாவது உண்டா?

காவிரிதான் முதலில் விழுந்தது. செய்தி நிறையக் கிடைக்கும்: நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று வகுத்தது. ஆனால் கட்டுரையைப் படிக்கப்போகும் நடுவர்கள் தமிழ்நாட்டு ஆசிரியர்கள். அவர்கள் எழுதுவதற்கு முன்பே இணங்கியவர்கள். இணங்க வேண்டியவர் இதைப் படிக்கப் போவதில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் கொஞ்சம் நின்றது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் என்ற அளவில் ஆலைகள் அமைந்தன. அந்தச் செலவும், கடலுக்குத் திரும்பும் உவர்நீரும் உண்மையாகவே வாதத்துக்குரியவை. மூன்றாம் கேள்வியில் அடிபட்டது. செலவுக் கணக்கை எடைபோடத் தேவையான அறிக்கைகளை ஒரு பள்ளி மாணவி மூன்று வாரத்தில் படித்து நம்பிக்கையோடு எழுத முடியாது. கேன் தண்ணீரின் தரமும் இப்படித்தான்: ஆய்வகச் சோதனை இல்லாமல் எழுதினால் வெறும் சந்தேகமாக நின்றுவிடும். பள்ளிக் குழாய்கள் ஒழுகுவதைப் பற்றி எழுதலாம் என்று பட்டது. வாஷர் மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு எதிர்த்தரப்பு கிடையாது. ‘தமிழர் நீர் மரபு’ முதல் கேள்வியைக்கூடத் தாண்டவில்லை. எளிதாக எழுதலாம், அழகாகவும் வரும் என்பதால் மாணவிக்கு அதை விட மனமே இல்லை. எளிதாக வருவது என்பதே ஒரு எச்சரிக்கைதான். ஏற்கெனவே பலர் எழுதித் தேய்ந்த தடத்தில் பேனா தானாக ஓடும்.

கடைசியில் தங்கியது மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் புதியது பழையது என்று பாராமல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. கட்டத் தவறினால் உள்ளாட்சியே அறிவிப்புக் கொடுத்துக் கட்டி, செலவைச் சொத்து வரி போல வசூலிக்கலாம் என்பது வரை சட்டத்தில் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்ட 2019 கோடையும் வந்தன. ஒரே ஊர், நான்கே ஆண்டு இடைவெளி. சட்டம் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்க இடமிருந்தது. அதைவிட முக்கியம், அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றே பார்த்துவர முடியும்.

தெருவில் பார்த்தது

நான்காம் நாள் மாணவியின் கையில் இருந்த நிலைப்பாடு இது: ‘மக்கள் மழைநீர் சேகரிப்பை அலட்சியப்படுத்துகிறார்கள், எனவே சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்.’ மறுக்க இடமிருந்ததால் முதல் கேள்வியைத் தாண்டியது. உண்மையா என்று பார்க்கத் தெருவுக்குப் போனார்.

தெருவில் 31 வீடுகள். பூட்டியிருந்தவையும் வேண்டாம் என்றவையும் போக 26 வீடுகளில் பேசினார். கேட்டது ஒரே கேள்வி: “உங்க வீட்ல மழைநீர் சேகரிப்பு இருக்குங்களா?” 24 வீட்டில் ‘இருக்கு’ என்றார்கள். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பைப்பைக் கையால் தட்டியும் காட்டினார்கள்.

மாணவி முகம் வாடித் திரும்பினார். அலட்சியம் என்று எழுதக் கிளம்பினால் பத்தில் ஒன்பது வீட்டில் சேகரிப்பு இருக்கிறது. தலைப்பை மாற்றிவிடலாமா என்றார். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: தலைப்பைக் கைவிடுவார்கள், அல்லது எண்ணிக்கையைக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். இங்கே கேள்வியை மாற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். காரணம் எளியது. ‘இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். இல்லை என்று சொல்வது சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. ‘எங்கே’, ‘எப்போது’ என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த சனி, ஞாயிறில் அதே 24 வீடுகளுக்கு இரண்டு கேள்வியோடு திரும்பினார். இந்தப் பைப் எங்கே போய் முடிகிறது, காட்ட முடியுமா? தொட்டியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? ஏழு வீட்டில் பைப் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 17 வீட்டில் காட்டினார்கள். அந்தப் பதினேழில் ஆறில் எல்போவை, அதாவது பைப் வளையும் இணைப்பை, வெட்டித் தெருப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். பதினொன்றில் பைப் தொட்டிக்குள் போனது. மொத்தத்தில், கடந்த ஓராண்டில் திறந்து சுத்தம் செய்ததாகச் சொன்னவை மூன்று வீடுகள்.

அந்தப் பதினொன்றில் ஒரு வீட்டில் தனியே இருக்கும் முதியவர், கேட்டதோடு நில்லாமல் கடப்பாரையை எடுத்துவந்து சிமெண்ட் மூடியை நெம்பினார். அடியில் மூன்றடி விட்டத்தில் உறை இறக்கிய தொட்டி. தண்ணீர் இல்லை, பள்ளமும் இல்லை. விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை கறுத்த மண். மேலே வேப்பிலைச் சருகு. நடுவில் பாதி மக்கிய சிமெண்ட் சாக்கு.

“இதைக் கடைசியா எப்போ திறந்தீங்க தாத்தா?”

“திறக்கிறதா? 2003ல மூடினதும்மா.”

கட்டுரை திரும்பியது இந்த மூடி திறந்த இடத்தில்தான். தொட்டி எப்படிச் செத்துப்போகிறது என்பதையும் மாணவி அங்கேயே தெரிந்துகொண்டார். மாடித் தண்ணீரோடு தூசியும் சருகும் வரும். தொட்டியில் அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கும் மேல் மணல். நுண்ணிய வண்டல் மணலின் மேல்பரப்பில் படிந்து ஏடு கட்டிவிடும். ஏடு கட்டியபின் தண்ணீர் கீழே இறங்காது. தொட்டி நிரம்பி வாசலில் தேங்கும். வாசலில் தேங்கினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? எல்போவை வெட்டித் தெருவுக்குத் திருப்புவார். ஆறு வீட்டில் கண்டது இதைத்தான். அது அலட்சியம் அல்ல. சுத்தம் செய்யாத தொட்டி இருப்பதைவிட இல்லாமலிருப்பதே அவருக்கு வசதி.

நிலைப்பாடு நான்கு வடிவம் எடுத்தது

வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் ஒரு தனித் தாளில், தேதியோடு எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் ஆசிரியை. பழையதை அடிக்கக் கூடாது. அதனால் மாற்றம் நடந்த தடம் முழுதாக இருக்கிறது.

முதலாவது, ‘மழைநீர் சேகரிப்பு மிகவும் அவசியம்.’ மறுக்க ஆளில்லை, தள்ளுபடி.

இரண்டாவது, மேலே சொன்ன ‘சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்.’ இதைக் கொன்றது 26க்கு 24 என்ற எண். சட்டம் கேட்டதைத் தெரு செய்திருக்கிறது, கடுமை எதற்கு? தவிர, ‘கடுமையாக்க வேண்டும்’ என்பதில் எழுவாய் ஒளிந்திருக்கிறது. யார் கடுமையாக்குவது? தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நன்றாக ஓடும் என்பது நமக்கு வரமும் சாபமும். ‘வேண்டும்’ என்று முடியும் நிலைப்பாட்டில் யார், எதை, எப்போது என்ற மூன்றையும் விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அது இன்னும் நிலைப்பாடாகவில்லை.

மூன்றாவது, பன்னிரண்டாம் நாள் எழுதியது: ‘நகராட்சி ஊழியர்கள் ஒவ்வோர் ஆண்டும் வீடு வீடாக மழைநீர்த் தொட்டிகளைச் சோதித்து, சுத்தம் செய்யாதவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும்.’ யார், எதை, எப்போது மூன்றும் இருந்தன. மாணவிக்கும் பிடித்திருந்தது. உடனே எழுத உட்காரலாம் என்றார். எதிர்த்தரப்பாக அரைப் பக்கம் எழுதிவிட்டு உட்காரலாம் என்று ஆசிரியை தடுத்தார்.

எதிர்த்தரப்பை மனத்துக்குள் கற்பனை செய்து எழுதினால் அது எப்போதும் வைக்கோல் பொம்மையாகவே வரும். ஒரு தட்டில் விழும். அதனால் உயிருள்ள ஒருவரிடம் வாக்கியத்தை வாசித்துக்காட்டச் சொன்னார். மாணவி தன் அத்தையிடம் போனார். அத்தை சொந்த வீட்டுக்காரர், அரையாண்டு தவறாமல் வரி கட்டுபவர். வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “வந்து பாக்குறவன் சும்மா போவானாடி? தொட்டி சுத்தமா இருந்தாலும் ஏதாச்சும் குத்தம் சொல்வான். வரியும் கட்டி, அவனுக்கும் அழணுமா?”

இதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. நன்னூல் எழுவகை மதத்தில், அதாவது நூல் எழுதுபவர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கையில், ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’ என்று ஒன்றைச் சொல்கிறது. பிறர் கருத்தை முதலில் தோளில் ஏற்றிப் பார்த்து, பிறகே களைவது. ஏற்றிப் பார்த்தபோது இந்தக் கருத்தைக் களைய முடியவில்லை. சோதனைக்கு ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தால் கையூட்டுக்கு வழி திறக்கும் என்ற அச்சம் நியாயமானது. நகராட்சியில் அத்தனை வீட்டுக்கும் ஆள் இருக்கிறார்களா என்பது அடுத்த அடி. மூன்றாம் வாக்கியம் விழுந்தது. விழுந்தது நல்லதுக்கே, ஏனென்றால் நடுவர்களில் எத்தனையோ பேர் சொந்த வீட்டுக்காரர்களாக இருப்பார்கள். அத்தையின் குரல் அவர்கள் மனத்திலும் ஒலித்திருக்கும்.

நான்காவது பதினைந்தாம் நாள் வந்தது. அதன் வித்து சட்டத்திலேயே இருந்தது: 2003இலேயே தொட்டியையும் சொத்து வரியையும் ஒரு முடிச்சில் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு; இரண்டாம் அரையாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் வருகிறது. வரி கட்ட வேண்டிய காலமும் தொட்டி தயாராக இருக்க வேண்டிய காலமும் ஒன்றாக அமைந்திருந்தன. வாக்கியம் இப்படி நின்றது:

‘எங்கள் நகராட்சி, மழைநீர்த் தொட்டியைச் செப்டம்பருக்குள் தூர்வாரிப் படத்தோடு உறுதிமொழி தரும் வீட்டு உரிமையாளருக்கு, அக்டோபரில் தொடங்கும் அரையாண்டின் சொத்து வரியில் சிறு தள்ளுபடி தர வேண்டும், ஏனெனில் எங்கள் தெருவில் குறை, தொட்டி இல்லாததில் இல்லை, இருக்கும் தொட்டி திறக்கப்படாததில் இருக்கிறது.’

அபராதம் போய்த் தள்ளுபடி வந்தது. வீட்டு வாசல் சோதனை போய்ப் படமும் உறுதிமொழியும் வந்தன. பொய்ப் படம் தர மாட்டார்களா என்ற கேள்வி எழும் என்று தெரிந்தே, குலுக்கல் முறையில் சில வீடுகளை மட்டும் பார்க்கலாம் என்ற வரி கட்டுரையின் உடலுக்குள் போயிற்று. ‘ஏனெனில்’ என்ற பாதி தலைவாக்கியத்தோடு ஒட்டியிருந்தது மிக உதவியாக இருந்தது. கட்டுரையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று குழம்பும்போதெல்லாம் அந்தப் பாதியோடு ஒட்டுகிறதா என்று பார்த்தால் போதும். நெகிழி, கல்லணை, பருவநிலை மாற்றம் மூன்றும் தாமாகவே உதிர்ந்தன.

எழுதும்போது எடுத்த முடிவுகள்

16ஆம் நாள் எழுதத் தொடங்கினார். நான்கு இடங்களில் பேனா நின்றது.

குறளை வைப்பதா விடுவதா என்பது முதலாவது. ‘நீர்’ என்று பொருள் கொடுத்தால் பாதிப் பேராவது அந்தக் குறளில் தொடங்குவார்கள்; நடுவர் கண் அந்த வரியைத் தாண்டித்தான் படிக்கும். ஆனால் மாணவர்கள் முதல் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். குறள் ‘வான்இன்று அமையாது ஒழுக்கு’ என்று மழையில் முடிகிறது. தொடக்கத்திலிருந்து எடுத்து, பருவமழை பற்றிய பத்தியில் இரண்டாம் அடியை மட்டும் வைத்தார்கள். தொடக்கத்துக்கு முதியவரின் வீட்டு மூடி போயிற்று, நான்கே வரியில். நிலைப்பாடு ஐந்தாம் வரி.

அடுத்தது கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மாணவி தன் வீட்டு மாடி 600 சதுர அடியை, சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டரால் பெருக்கி 8,40,000 லிட்டர் என்று எழுதியிருந்தார். 12,000 லிட்டர் லாரியில் எழுபது லாரி. படிப்பவரை அசத்தும் எண். தவறான எண். கணக்கு ஆசிரியர்தான் பிடித்தார்: சதுர அடியைச் சதுர மீட்டராக மாற்றவில்லை. 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போகப் பத்தில் எட்டுப் பங்கு என்று வைத்தால் சுமார் 62,000 லிட்டர், ஐந்து லாரி. எழுபது ஐந்தானதில் மாணவிக்கு வருத்தம். ஆனால் ஐந்து லாரி என்பதை வீட்டுக்காரர் தன் கையிருப்புப் பணத்தில் எண்ணிப் பார்க்க முடியும். எழுபது லாரியை எண்ணிப் பார்த்தால் சந்தேகம்தான் வரும். இந்தத் தண்ணீர் அப்படியே வீட்டின் சம்புக்கு (தரையடி நீர்த்தொட்டிக்கு) வராது, நிலத்தில் இறங்கி அக்கம்பக்கத்துக்கும் சேரும் என்ற வரியையும் சேர்த்தார்கள். அது வாதத்துக்குப் பாதகமாகத் தோன்றினாலும், ஒருவர் வீட்டுத் தொட்டிக்கு ஊர்ப் பணத்தில் தள்ளுபடி ஏன் என்ற கேள்விக்கு அதுவே விடையாக அமைந்தது.

மூன்றாவது, தெரு எண்ணிக்கையைச் சொல்லும் விதம். முதலில் ‘24இல் 21 தொட்டிகள் பழுது’ என்று எழுதியிருந்தார். ஏழு வீட்டில் தெரியாது என்றுதான் சொன்னார்கள். தெரியாததைப் பழுது என்று எழுத முடியாது. சுத்தம் செய்யாததெல்லாம் பழுதும் அல்ல. ‘24 வீடுகளில், கடந்த ஓராண்டில் திறந்து சுத்தம் செய்ததாகச் சொன்னவை 3’ என்று மாறியது. எண் அதேதான். முன்னதை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும், பின்னதை உடைக்க முடியாது.

நான்காவது, அடித்துவிட்ட ஒரு வாக்கியம். ‘சட்டத்தில் பராமரிப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை’ என்று யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருந்தார். வாதத்துக்கு அது பொன்னான வரி. ஆனால் சட்டத்தையும் அதன் கீழ் வந்த விதிகளையும் முழுதாகப் படித்துப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. ஒன்று ‘உண்டு’ என்று நிறுவ ஓரிடத்தில் காட்டினால் போதும். ‘இல்லை’ என்று நிறுவ எல்லா இடத்தையும் பார்த்திருக்க வேண்டும். வரி போயிற்று. அதன் இடத்தில் ‘எங்கள் தெருவில் தொட்டியைப் பார்க்க யாரும் வந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை’ என்று வந்தது. அதைக் கேட்க மாணவி மூன்றாம் முறை தெருவைச் சுற்ற வேண்டியிருந்தது.

அத்தையின் எதிர்ப்பை மூன்றாம் பத்தியில், அவர் சொன்ன சூட்டோடே வைத்தார்கள். எதிர்வாதத்தை முடிவுரைக்கு முன்னால் ஒரு வரியில் ஒப்புக்குச் சொல்லித் தட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைப் படிப்பவர் மனத்தில் அந்தக் கேள்வி எழுந்து வெகுநேரமாகியிருக்கும். அதற்குள் அவர் பாதி விலகியிருப்பார். இறுதி அளவு 780 சொல்.

விளைவு

கட்டுரைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர் குறிப்பு பள்ளிக்கு வந்தது. எதிர்ப்பை மறைக்காமல் எடுத்துக்கொண்டதையும், ஐந்து லாரிக் கணக்கையும் பாராட்டியிருந்தார்கள். குறையாகச் சொன்னது: ஒரு தெருவைப் பார்த்துவிட்டு நகராட்சி முழுமைக்கும் திட்டம் சொல்லலாமா? நியாயமான அடி. நிலைப்பாட்டின் ‘ஏனெனில்’ பாதி ‘எங்கள் தெருவில்’ என்கிறது, முதல் பாதி ‘எங்கள் நகராட்சி’ என்கிறது. அந்த இடைவெளி தலைவாக்கியத்திலேயே வெளிப்படையாக இருந்தும் பலமுறை படித்த மூவர் கண்ணிலும் படவில்லை.

கட்டுரையின் படியொன்றை வார்டு உறுப்பினருக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. முதியவர் வீட்டுத் தொட்டி அந்த ஐப்பசிக்கும் அப்படியேதான் கிடந்தது. மாணவி போய்க் கேட்டபோது, மண்ணை அள்ள இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், மணலும் புதிதாகப் போட வேண்டும், யாரிடம் சொல்வது என்றார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தெருவுக்கு முதல் முறை போகும்போதே ‘எங்கே’, ‘எப்போது’ கேள்விகளைக் கொண்டுபோயிருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். அந்த வாரத்தில் ஊரின் வேறு இரண்டு பகுதியில், முடிந்தால் ஏரிக்கரை ஓரம் ஒன்றிலும் மேட்டுப் பகுதி ஒன்றிலும், பத்துப் பத்து வீடு பார்த்திருக்கலாம். தாழ்வான களிமண் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே தூர்வாரிய தொட்டியும் மெதுவாகத்தான் குடிக்கும். அப்படிப் பார்த்திருந்தால் நிலைப்பாடு ஐந்தாம் வடிவமும் எடுத்திருக்கக்கூடும். பார்க்க நேரமில்லாவிட்டால் தலைவாக்கியத்தில் ‘நகராட்சி எங்கள் வார்டில் ஓராண்டு சோதித்துப் பார்க்க வேண்டும்’ என்று கோரிக்கையைச் சுருக்கியிருக்க வேண்டும். சான்று எவ்வளவோ அவ்வளவுக்கே கோரிக்கை.

எதிர்த்தரப்பு வாசிப்பையும் முன்னால் கொண்டுவர வேண்டும். அத்தையிடம் பன்னிரண்டாம் நாள் போனதை ஐந்தாம் நாளே போயிருக்கலாம். சொந்த வீட்டுக்காரர் ஒருவரோடு நில்லாமல் வாடகைக்கு இருப்பவர் ஒருவரிடமும் வாசித்துக்காட்டியிருக்க வேண்டும். தள்ளுபடி உரிமையாளருக்குப் போகும். சருகைப் பெருக்குவது குடியிருப்பவர். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, முதியவர் கடைசியில் சொன்னது. சிறு தள்ளுபடி என்று எழுதிய கட்டுரை, தூர்வார எவ்வளவு செலவாகும் என்று 26 வீட்டில் ஒன்றிலும் கேட்கவில்லை. சுத்தம் செய்த மூன்று வீட்டில் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். கூலி தள்ளுபடியைவிடப் பல மடங்கு என்றால் யாரும் கடப்பாரையை எடுக்கப் போவதில்லை. அடுத்த ஆண்டு மாணவிகளுக்காகப் பள்ளியில் வைத்திருக்கும் கேள்வித்தாளில் ‘எங்கே முடிகிறது’, ‘எப்போது திறந்தீர்கள்’ என்பவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி பேனாவால் சேர்க்கப்பட்டிருக்கிறது: ‘திறக்க எவ்வளவு கொடுத்தீர்கள்?’